மிகுபுனைவுப் பேரரசுக்குச் சிந்தனைப் பள்ளிகளை உருவாக்குவது எப்படி?

மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல் எழுதத் தொடங்குபவர்களின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். வரைபடம், அரச வம்சம், நாணயம், படைப்பிரிவு எல்லாம் எழுதி முடித்த பிறகு 'தத்துவங்கள்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே நெருப்பு, நீர், காற்று, மண் என்று நான்கு பள்ளிகள். ஒவ்வொன்றையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெண்தாடி முனிவர் ஒருவர் மலையுச்சியில் தோற்றுவித்திருப்பார். பள்ளிக்கு ஒரு நிறம், ஒரு சின்னம், ஒரு பொன்மொழி. கதை தொடங்கியதும் இவற்றில் ஒன்றுகூட வேலைக்கு ஆகாது. நெருப்புப் பள்ளியில் படித்தவனும் நீர்ப் பள்ளியில் படித்தவனும் கடன் வாங்குவதிலும் சாவதிலும் எந்த வேறுபாடும் தெரியாது.

கொள்கையை முதலில் எழுதுவதால் வரும் வினை இது. கீழே சொல்லும் வழி தலைகீழானது. முதலில் வழக்கு, பிறகு ஆள், அதன் பிறகுதான் கொள்கை.

முதல் படி: தீராத வழக்கு ஒன்றைக் கண்டுபிடியுங்கள்

வரலாற்றில் சிந்தனைப் பள்ளிகள் கூட்டம் கூட்டமாகப் பிறந்த காலங்களைப் பாருங்கள். கன்பூசியஸ் (கி.மு. 551–479) காலம் தொடங்கி, சின் நாடு கி.மு. 221-இல் சீனம் முழுவதையும் ஒரே முடியின் கீழ்க் கொண்டுவரும் வரை அங்கே சிற்றரசுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்தன. நாட்டில் மறுபடி ஒழுங்கு வர என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பழைய சடங்குகளுக்குத் திரும்பு என்றார் ஒருவர். சட்டத்தை இறுக்கு என்றார் இன்னொருவர். எதையும் செய்யாமல் விடு என்றார் மற்றொருவர். புத்தரும் மகாவீரரும் மற்கலி கோசாலரும் நடமாடிய கங்கைச் சமவெளியிலும் இதே கதைதான். குலத்தலைவர்கள் கூடி ஆண்ட பழைய கணக் குடியரசுகளை மகதம் போன்ற முடியரசுகள் விழுங்கிவந்த காலம் அது. நகரங்கள் பெருத்தன, காசு புழங்கியது, பழைய பதில்கள் போதாமல் போயின.

உங்கள் பேரரசில் எது போதாமல் போயிற்று? இதற்கு விடை கிடைக்கும் வரை எந்த முனிவருக்கும் பெயர் வைக்காதீர்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை கொண்டுபோவோம். பேரரசு நான் இட்டுக்கட்டியது. அதன் நடுவே மருளாறு என்று ஒரு பெரிய ஆறு. தலைமுறைக்கு ஒரு முறை வெள்ளத்தில் அது தடம் மாறிவிடும். நேற்று வரை கிழக்குக் கரையில் இருந்த வயல் இன்று மேற்குக் கரையில் இருக்கும், அல்லது ஆற்றுக்குள்ளேயே இருக்கும். எல்லைக் கற்கள் போன இடம் தெரியாது. வண்டல் படிந்து புதிதாக எழுந்த மேட்டில் இரண்டு ஊர்க்காரர்கள் ஏர் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். நிலம் யாருடையது? மூழ்கிய வயலுக்கு வரி உண்டா? மேலே வந்தது பழைய வயலா, புதிய வயலா?

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். பட்டா வழக்காகத் தொடங்கியது, ஒரு பொருள் மாறிய பிறகும் அதே பொருள்தானா என்ற இடத்துக்கு வந்துவிட்டது. நல்ல வழக்கு என்றால் இப்படித் தானாகவே ஆழத்துக்குப் போக வேண்டும். 'உலகில் நன்மையும் தீமையும் மோதுகின்றன' என்பது வழக்கே அல்ல; அதை வைத்துக்கொண்டு யாரும் நீதிமன்றப் படி ஏற முடியாது.

இரண்டாம் படி: தோற்றுவித்தவருக்கு ஒரு தொழில் கொடுங்கள்

ஞானம் வேண்டாம், தொழில் போதும். என்ன வேலை பார்த்தார், அந்த வேலை அவர் கண்ணை எப்படிப் பழக்கியது என்பதிலிருந்து மற்றதெல்லாம் வரும்.

மோசியை எடுத்துக்கொள்ளுங்கள். கன்பூசியஸுக்கு அடுத்த தலைமுறை. அவருடைய கூட்டம் கைவினைஞர்களோடு நெருங்கியது, கோட்டை காப்பதில் தேர்ந்தது. எல்லோரிடமும் வேறுபாடின்றி அன்பு காட்டு, ஆடம்பரச் சாவுச் சடங்குகளை விடு, பிறர் நாட்டின் மீது படையெடுக்காதே என்பவை அவருடைய கொள்கைகள். இப்படிச் சொன்னால் இன்னொரு வெண்தாடி முனிவர்தான். ஆனால் அவர் பெயரில் வழங்கும் நூலில் ஒரு காட்சி இருக்கிறது. சூ நாட்டு அரசனுக்காகக் கோங்ஷு பான் என்ற தச்சன் மதிலேறும் ஏணிகளைச் செய்துவிட்டான். சிறிய சோங் நாட்டைத் தாக்கப் போகிறார்கள். செய்தி கேட்ட மோசி பத்து நாள் இரவு பகலாக நடந்து சூ தலைநகருக்குப் போகிறார். அரசன் முன்னிலையில் இடுப்புக் கச்சையை அவிழ்த்துத் தரையில் வளைத்துப் போட்டு, இதுதான் மதில் என்கிறார். சின்னக் குச்சிகள்தான் பொறிகள். தச்சன் ஒன்பது விதமாகத் தாக்குகிறான். ஒன்பது முறையும் மோசி தடுக்கிறார். தச்சனிடம் உத்திகள் தீர்ந்துவிடுகின்றன. உன்னை வெல்ல இன்னொரு வழி உண்டு, சொல்ல மாட்டேன் என்கிறான். எனக்கும் தெரியும், நானும் சொல்ல மாட்டேன் என்கிறார் இவர். அரசன் கேட்டதும் போட்டு உடைக்கிறார்: என்னைக் கொன்றுவிடலாம் என்று நினைக்கிறான், ஆனால் என் சீடர்கள் முந்நூறு பேர் இப்போதே சோங் மதிலின் மேல் நிற்கிறார்கள். படையெடுப்பு நின்றது. திரும்பும் வழியில் சோங் நாட்டில் நல்ல மழை. ஒதுங்க இடம் கேட்ட மோசியை, அவர் காப்பாற்றிய ஊரின் வாயில்காவலன் உள்ளே விடவில்லை.

அன்பே அனைத்தும் என்று ஐம்பது பக்கம் பேச வைத்தாலும் இந்தக் குச்சிகளுக்கு ஈடாகாது. உங்கள் தத்துவவாதிக்கும் இப்படி ஒரு நாள் வேண்டும். அவர் என்ன சொன்னார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அன்று என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

மருளாற்றுக்குத் திரும்புவோம். பதியன் என்பவன் வரிக் கணக்கு எழுதும் சிறிய அலுவலன். பெருவெள்ளத்தன்று வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு, நிலப் பதிவு ஓலைக் கட்டுகளைத் தலையில் சுமந்து கோயில் மாடத்தில் ஏறியவன். நிலமே போய்விட்டது, ஓலை நின்றது. எழுதப்பட்டதே நிலையானது, மண் அதன் நிழல் என்று அவன் சொல்லத் தொடங்கியதில் வியப்பில்லை. செம்பி ஓடக்காரி. ஆறு எங்கே போகிறதோ அங்கேதான் அவள் துறை. பழைய துறையில் கட்டிய கல்படிகளில் இன்று ஆடு மேய்வதை தினமும் பார்க்கிறவள். எதுவும் இரண்டு முறை அதுவாக இருப்பதில்லை என்கிறாள் அவள். இருவருக்கும் மலையுச்சி தேவைப்படவில்லை.

மூன்றாம் படி: ஒரே பதிலை வேறு மூன்று இடங்களில் தேய்த்துப் பாருங்கள்

இங்கேதான் கொள்கை உருவாகிறது. பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுவதால் இதில் கொஞ்சம் நிற்கலாம்.

பதியனின் பதிலைக் குற்ற வழக்குக்குக் கொண்டுபோங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் கொலை செய்தவன் இன்று நரைத்த கிழவன். ஓலையில் பெயர் அதேதான், தண்டனையும் அதேதான். பிறப்புக்குக் கொண்டுபோங்கள்: பதிவாகாத குழந்தை பிறந்ததாகவே கணக்கில்லை. சாவுக்குக் கொண்டுபோங்கள்: போரில் இறந்ததாகத் தவறாக எழுதப்பட்ட சிப்பாய் ஊர் திரும்பினால், அவன் மனைவி விதவையா, சுமங்கலியா? பதியனின் உண்மையான சீடன் கண்ணீரோடு, ஆனால் உறுதியாக, விதவை என்பான். இந்தச் சிப்பாயிடம் மட்டும் ஒரு நாவல் இருக்கிறது.

செம்பியின் பதிலையும் அதே இடங்களில் தேயுங்கள். அந்தக் கிழவன் வேறு ஆள். கொலைகாரன் எப்போதோ போய்விட்டான். சரி, அப்படியென்றால் கடன்? பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கியவனும் நானும் வேறு வேறு என்று கடனாளி சொன்னால் என்ன செய்வது? திருமண நாளன்று கொடுத்த வாக்கு யாரைக் கட்டும்? செம்பியின் கூட்டம் இங்கே திணறும். திணற வேண்டும். பத்து வயதுப் பிள்ளை கேட்டுவிடக்கூடிய, ஆனால் பெரியவர்களால் எளிதில் பதில் சொல்ல முடியாத ஓர் ஓட்டை ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தே ஆக வேண்டும். பிந்தைய தலைமுறைகள் எழுதும் உரைகள் எல்லாம் அந்த ஓட்டையை அடைக்கத்தான்.

இந்திய-கிரேக்க அரசன் மினாண்டருக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக அமைந்த மிலிந்த பஞ்ஹ என்ற பாலி நூலில் இதே சிக்கல் வருகிறது. மாம்பழம் திருடியவன், நான் பறித்த பழமும் இவர் நட்ட பழமும் வேறு, ஆகவே நான் திருடவில்லை என்கிறான். விட்டுவிடலாமா என்று நாகசேனர் கேட்க, கூடாது என்கிறான் அரசன். நட்டதிலிருந்துதானே இது வந்தது! மாறிக்கொண்டே இருந்தாலும் தொடர்ச்சி அறுவதில்லை என்று காட்ட நாகசேனருக்கு ஒரு மாம்பழத் திருடன் போதுமானவனாக இருக்கிறான். உங்கள் பள்ளிகளும் தங்கள் வாதங்களை மாம்பழம், ஓடம், கடன்சீட்டு என்று கையில் பிடிக்கக்கூடிய பொருள்களில் பேசட்டும். 'இருப்பின் சாரம்' என்று யாராவது வாய் திறந்தால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

நான்காம் படி: சோறு எங்கிருந்து வருகிறது?

சிந்திப்பவர்களுக்கும் பசிக்கும். யார் போடுகிறார்கள் என்று எழுதிவைத்தால், அவர்கள் எதைப் பேச மாட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

சீனத்தில் சி நாட்டு அரசர்கள் தலைநகர் லின்சியின் ஜிஷியா வாயில் அருகே அறிஞர்களுக்கு வீடும் பட்டமும் படியும் கொடுத்து வைத்திருந்தார்கள். ஆட்சிப் பொறுப்பு எதுவும் கிடையாது, விவாதிப்பதே வேலை. எந்தக் கொள்கைக்காரரும் வரலாம். ஏதென்ஸில் சைப்ரஸிலிருந்து வந்த சீனோ சந்தையை ஒட்டிய பொது மண்டபத்தில் பேசினார். போகிற வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். எபிகியூரஸ் சொந்தத் தோட்டத்துக்குள் நண்பர்களோடு ஒதுங்கினார். பெண்களும் அடிமைகளும்கூட அந்த வட்டத்தில் இருந்தார்கள். சீனோவின் ஸ்டோயிக் பள்ளி பின்னாளில் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் வரை போயிற்று. எபிகியூரஸ் அரசியலில் தலையிடாதே என்றவர்.

மற்கலி கோசாலரின் வழிவந்த துறவிகளான ஆசீவகர்களுக்கு அசோகர் கயைக்கு அருகே பராபர் குன்றுகளில் குகைகளைக் குடைந்து கொடுத்தார். உள்ளே கருங்கல் சுவர் கண்ணாடிபோல் பளபளக்கும். பௌத்தத்தை ஆதரித்த பேரரசர் வேறொரு சமயத்தாருக்குக் கொடுத்த கொடை அது. பின்னாளில் யாரோ அங்குள்ள சில கல்வெட்டுகளில் 'ஆசீவகர்' என்ற சொல்லை மட்டும் உளியால் கொத்தி அழிக்க முயன்றிருக்கிறார்கள். பேரரசின் சமய அரசியலைக் காட்ட நினைக்கும் எழுத்தாளருக்கு அந்தக் கொத்தல் போதும், போர்க்களமே வேண்டியதில்லை.

மருளாற்றில் பதியனின் பள்ளிக்கு வட்டிக்கடைக்காரர்கள் அரிசி அளப்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். கடன் ஓலை நிலையானது என்று கற்பிக்கும் பள்ளி அல்லவா! செம்பியின் கூட்டத்துக்குத் துறைதோறும் மீனவர் பங்கு. ஆகவே முதல் பள்ளியில் கல் கட்டடம், நூலகம், சுவடி படியெடுப்போர். இரண்டாவதில் மனப்பாடம், பாட்டு, மரத்தடி. நூறு ஆண்டு கழித்து யாருடைய நூல்கள் மிஞ்சும் என்பதும் இப்போதே முடிவாகிவிட்டது.

ஐந்தாம் படி: குருவைக் கொன்றுவிடுங்கள்

பள்ளியைத் தோற்றுவிப்பவர் பெரும்பாலும் அதைப் பார்ப்பதில்லை. கன்பூசியஸின் உரைகளைத் தொகுத்தது சீடர்களும் சீடர்களின் சீடர்களும். அவருக்குப் பின் அவர் வழியினர் எட்டாகவும், மோசியின் வழியினர் மூன்றாகவும் பிரிந்து, நாங்களே உண்மையான வாரிசு என்று சொல்லிக்கொண்டதாக ஹான் பெய் கேலி செய்கிறார். அந்த ஹான் பெய்யின் கதையே வேடிக்கையானது. அவர் படித்தது கன்பூசிய மரபைச் சேர்ந்த சுன்சியிடம். எழுதியதோ ஈவிரக்கமற்ற சட்ட ஆட்சிக்கு இலக்கணம். உடன் படித்த லி சு பின்னாளில் சின் பேரரசின் முதன்மை அமைச்சர் ஆனார், கி.மு. 213-இல் கன்பூசிய நூல்களை எரிக்க ஆலோசனை சொன்னது அவர்தான். ஒரே ஆசிரியர், இரண்டு மாணவர்கள், எரிந்தது ஆசிரியரின் மரபு.

நீங்கள் செய்ய வேண்டியது சுருக்கம்தான். குரு சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். அதை எதிரெதிராகப் பொருள் கொள்ளும் இரண்டு சீடர்களை எழுதுங்கள். 'ஓலை நிற்கும்' என்றான் பதியன். ஓலையைத் திருத்தவே கூடாது என்று ஒரு கிளை. ஓலையைத் திருத்தினால் உலகமே திருந்தும் என்று இன்னொரு கிளை. இவர்கள்தான் கள்ளப் பத்திரக்காரர்களின் குலகுரு.

பெயர்களையும் இந்தக் கட்டத்தில் வையுங்கள். சீனச் சிந்தனையாளர்களை ஆறு பள்ளிகளாகப் பிரித்துப் பெயரிட்டது அவர்களுக்குப் பின் வந்த ஹான் பேரரசுக் காலத்துச் சிமா டான். உங்கள் பேரரசிலும் பெயர் வெளியிலிருந்து வரட்டும், முடிந்தால் வசையாக. செம்பியின் கூட்டத்தைப் பணக்காரர்கள் 'சேற்றுக்காலர்' என்று திட்டினார்கள். அவர்கள் அதையே பெருமையாக வைத்துக்கொண்டார்கள். பதியன் கூட்டம் தங்களை 'எல்லையர்' என்று அழைத்துக்கொள்ளும். துறையில் அவர்களுக்குப் பெயர் 'ஓலைப்பூச்சிகள்'.

ஆறாம் படி: அரசு கை வைக்கட்டும்

பேரரசு என்று சொல்லிவிட்டால் அரசு சும்மா இருக்காது. எப்படிக் கை வைக்கிறது என்பதில் மூன்று மாதிரிகளைத் தருகிறேன்.

சட்டத்தை இறுக்கிச் சின் நாட்டை வல்லரசாக்கிய ஷாங் யாங், புரவலனான அரசன் இறந்ததும் உயிருக்குத் தப்பி ஓடினார். வழியில் ஒரு சத்திரத்தில் இடம் கேட்டபோது, அடையாளம் இல்லாதவரைத் தங்க வைத்தால் ஷாங் யாங்கின் சட்டப்படி எனக்குத் தண்டனை என்று சத்திரக்காரன் மறுத்துவிட்டானாம். கி.மு. 338-இல் கொல்லப்பட்டார், சட்டம் இருந்தது.

பாக்தாதில் கலீபா அல்-மஃமூன் 833-இல், குர்ஆன் என்றென்றும் இருந்தது அல்ல, படைக்கப்பட்டதே என்ற கொள்கையை அறிஞர்கள் ஏற்க வேண்டும் என்று விசாரணை தொடங்கினார். அஹ்மத் இப்னு ஹன்பல் ஏற்கவில்லை. அடுத்த கலீபா காலத்தில் சிறையும் சவுக்கடியும். கடைசியில் விசாரணை கைவிடப்பட்டது. அடி வாங்கியவர் பெயரில் ஒரு சட்டப் பள்ளி இன்றும் இருக்கிறது. அரசு ஆதரவு பெற்ற, அந்தக் கொள்கைக்காரர்களான முஃதசிலாக்கள் செல்வாக்கு இழந்து தேய்ந்தார்கள்.

சீனக் கன்பூசிய அறிஞர் ஜு ஷி 1200-இல் இறந்தபோது அவருடைய போதனை 'பொய்க் கல்வி' என்று தடைசெய்யப்பட்டிருந்தது. 1313-இல் அவர் எழுதிய உரைகளே அரசுப் பணித் தேர்வுக்குப் பாடம் ஆயின. வேலை வேண்டுமென்றால் மனப்பாடம் செய்தாக வேண்டும். ஒரு பள்ளியின் உயிரை எடுக்கத் தடையைவிடத் தேர்வே வசதியான கருவி என்பது என் கருத்து. உங்கள் பேரரசர் கொடுங்கோலராகவே இருந்தாலும், ஒரு முறை நூலை எரிக்காமல் அதைப் பாடத்திட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: வாதக் காட்சி

இதை எழுதத் தெரியாமல்தான் பலர் தத்துவத்தையே கைவிடுகிறார்கள். நமக்கோ வெளியே போய்க் கற்க வேண்டிய தேவையே இல்லை. பல்கலை கற்ற ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்துக் கொடி ஏற்றியிருந்ததைப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் காட்டுகிறது. மணிமேகலையில் இந்திரவிழா அறிவிக்கும் முரசறைவோன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லிவிட்டு, பகைவரோடும் சினமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறான்.

அதே காப்பியத்தில் வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பூதவாதியின் முறை வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள். தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றவற்றையும் கூட்டினால் கள்ளின் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான் அவன். பிரியும்போது பறையோசைபோல் கெட்டுப்போகும். கண்கூடாகக் காண்பது மட்டுமே அளவை (அறிவதற்கான சான்று); கருத்தளவு, அதாவது அனுமானம், செல்லாது. எதிர்க்கட்சிக்காரனுக்கு இவ்வளவு நல்ல உவமையைக் கொடுக்கப் பௌத்தரான சாத்தனாருக்கு மனம் இருந்திருக்கிறது! மணிமேகலையின் பதில் ஒரே கேள்வி: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வகையில் அறிவாய்?

பாடம் வெளிப்படை. தோற்கப்போகிற பாத்திரத்துக்கு உங்கள் கையில் உள்ள சிறந்த வரியைக் கொடுங்கள். பதிலைக் குட்டையாக வையுங்கள். அது அவனுடைய வீட்டுக்குள் நுழைய வேண்டும். சபையில் ஒருவருக்காவது தோற்றவன் பக்கமே நியாயம் என்று படட்டும்.

இன்னொரு உத்தியும் உண்டு. பூதவாதியைப் போன்ற பொருள்முதல்வாதிகளான சார்வாகர்களின் நூல்கள் நமக்குக் கிடைக்காமல் போக, அவர்களைப் பற்றி அறிவது பெரும்பாலும் அவர்களை மறுத்தவர்கள் எழுதியதிலிருந்துதான். குண்டலகேசியின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அதை மறுக்க எழுந்த நீலகேசி நிற்கிறது. உங்கள் கதையில் ஒரு பள்ளியை எதிரியின் நூல் வழியாக மட்டும் காட்டுங்கள். மேற்கோளுக்கும் திரிபுக்கும் நடுவே எது உண்மை என்று வாசகரே துழாவட்டும்.

எட்டாம் படி: கடைத்தெருவில் என்ன மிஞ்சியது?

நூலைப் படிக்காதவர்களிடம் அந்தக் கொள்கை எந்த உருவில் இருக்கிறது? ஒரு வசை, ஒரு சத்தியம், ஒரு சாவுச் சடங்கு, ஒரு சமையல் விலக்கு போதும். மருளாற்றில் எல்லையர் பிணத்தோடு பெயர் எழுதிய ஓலையை எரிக்க மாட்டார்கள், வீட்டில் வைத்துக்கொள்வார்கள். சேற்றுக்காலர் துறைகளில் கடன் கேட்டு வந்தவனிடம் 'நேற்றைய ஆளைத் தேடிப் போ' என்பார்கள். சொல்கிறவளுக்குச் செம்பி யாரென்றே தெரியாது.

எழுத உட்காரும்போது

மேற்சொன்னவை எல்லாம் சேர்ந்தால் ஐம்பது பக்கக் குறிப்பு தேறும். நாவலுக்குள் நேரடியாக வர வேண்டியது அதில் இரண்டு பக்கம் இருந்தால் அதிகம். முதல் அத்தியாயத்தில் எந்தப் பள்ளியின் வரலாற்றையும் விளக்காதீர்கள். தோற்றுவித்தவர் பெயர்கூட வேண்டாம்.

பயிற்சிக்கு இதைச் செய்து பாருங்கள். இறந்ததாக எழுதப்பட்ட சிப்பாய், பதிவை நீக்கக் கோரி மாவட்ட அதிகாரிக்குக் கொடுக்கும் மனுவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதிகாரி எல்லையர் பள்ளியில் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர். மனுவை எழுதிக்கொடுப்பவன் காசுக்கு எழுதும் சேற்றுக்காலன்; அவன் தன் கொள்கைப்படி, திரும்பி வந்தவன் போனவன் அல்ல என்று நம்புகிறவன். மனுவில் அவன் எந்தச் சொல்லைத் தவிர்ப்பான், அதிகாரி எந்த வரியில் விரலை வைத்து நிறுத்துவார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டால் அத்தியாயத்தைத் தொடங்கலாம்.